கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

ஒருவன் தான் பிறந்த மண்ணையும், அம் மண்ணில் எழுந்தருளிய தெய்வத்தையும், அங்கு வாழும் மக்களையும் அறியாதிருத்தல் கல்லாமையினும் கொடிது. பட்டங்கள் பெற்றும் இவ்வறியாமையில் நின்றோர் நம்முட் பலர். பிற நாட்டிலே வளர்ந்தும், தம் முயற்சியால் இம் மூன்றனையும் அறிந்துகொண்ட பெரியார் ஒருவரின் சரித்திரத்தைச் சைவ ஆசிரியர்களாகிய அன்பர்கள் சிந்திக்கும்பொருட்டு ஈண்டு எழுதலுற்றேன். அவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி ஆவர்.

இவர் 1877-ஆம் ஆண்டு ஆவணித் திங்களில், ஆகஸ்ட் 22-ஆந் தேதி, கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்தவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். தாயார் ஆங்கிலப் பெண்மணியாராகிய எலிசபெத் பீபி அம்மையார். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் இவருக்கு மாமி மக்கள். இவருக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே, 1879-இல், தந்தையார் காலமாயினார். ஆதலின் இவர் இங்கிலாந்திலே தாயாராற் போற்றி வளர்க்கப்பட்டார். தமிழ் கேட்டு வளரும் பேறும், கோயில் மணியோசை கேட்டுத் துயிலெழும் பேறும் இவருக்கு வாய்த்தில.

விக்கிளிவ் கல்லூரியிற் கற்றபின், இலண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியிற் புகுந்து, பூகர்ப்ப சாஸ்திரத்தையும் தாவர சாஸ்திரத்தையும் பயின்று 1900-இல் தேறினார். இயற்கையே இவருக்கு முதற் குருவாயிற்று. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாராய்ச்சிப் பகுதியின் தலைவராயிருந்து, மலைகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் திரிந்து கற்களை ஆராய்ந்தார். இரத்தினக் கற்கள் கிடைக்கும் சரளை மணலிலே காணப்படும் கருநிறமான கனத்த சிறு மணிகள் அதுகாறும் உலகம் அறியாத கனிப்பொருள் எனத் தெரியவந்தது இவரது முயற்சியாலேயாம். தோரியம் என்னும் தாது மிகுந்த அக் கல்லுக்குத் தோரியனைற்று என்று 1904-இல் பெயரிடப்பட்டது. இவ்வாராய்ச்சிகளுக்காக இலண்டன் சர்வகலாசாலை இவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் அளித்தது.

கல்லைத் தேடிச் சென்றவர் கைவினைஞரைக் கண்டார். சித்திரம் வரைவோர், தந்தம் செதுக்குவோர், நெய்வோர், பாய் இழைப்போர், கொல்லர் ஆகியோர் தலைமுறை தலைமுறையாகப் பேணிய தொழில்கள், மலிவான இறக்குமதிப் பொருள்களாலும், தம் நாட்டனவற்றை இகழக் கற்பித்த கல்வியாலும் நலிதலைக் கண்டு மனம் நொந்தார். அந் நோவினின்றே இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் 1905-இல் எழுந்தது. தகாத மேனாட்டுப் பழக்கங்களை ஆராயாது மேற்கொள்ளுதலைத் தடுத்தலும், தாய்மொழிக் கல்வியை வளர்த்தலும், பழைய கலைகளைக் காத்தலும் அதன் நோக்கங்கள். அடுத்த ஆண்டில் அச் சங்கத்தின் பத்திரிகையும் வெளிவந்தது. தாம் கண்டவற்றைத் தொகுத்து, மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை 1908-இல் வெளியிட்டார். ஆங்கிலக் கலைஞர் வில்லியம் மொறிஸ் கையாண்ட அச்சுப்பொறியிலேயே அந்நூல் 425 பிரதிகள் அச்சாயின. தமிழர் ஒருவரின் மைந்தர் சிங்களக் கம்மியரின் பெருமையை உலகறியச் செய்தமை நாம் மறக்கற்பாலதன்று.

கைவினையை ஆராய்ந்தவர் அதன் உயிராகிய இறையுணர்வை நாடினார். நல்லசுவாமிப் பிள்ளையவர்கள் சென்னையில் நிறுவிய சித்தாந்த தீபிகையிலே, 1912-இல், சிவ நடனம் பற்றிய இவரது ஆங்கிலக் கட்டுரை வெளிவந்தது. உண்மை விளக்கம், திருமந்திரம் முதலிய நூல்களின் கருத்தைத் தழுவி, படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலும் அத் திருக்கூத்தில் அமைந்தமையையும், அக்கூத்து நிகழும் தில்லை நம் உள்ளமே என்பதையும் அதன்கண் விளக்கினார். 1918-இல் நியூயோர்க்கில் நூலாக வெளிவந்த கட்டுரைத் தொகுதிக்கும் அக்கட்டுரையின் பெயரே இடப்பட்டது. அணுவின் இயக்கத்தை ஆராயும் விஞ்ஞானிகளும் நடராஜப் பெருமானை இன்று எண்ணிப் பார்ப்பதற்கு அந்நூல் ஒரு வழி திறந்தது.

1917 முதல் அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நுண்கலைச்சாலையிலே பணியாற்றி, எண்ணிறந்த கட்டுரைகளும் நூல்களும் எழுதினார். 1947 ஆகஸ்டில், எழுபதாம் ஆண்டு நிறைவு விழாவிலே, இந்தியாவுக்குத் திரும்பி ஒடுங்கிய வாழ்வு வாழத் தாம் கருதியிருத்தலை வெளியிட்டார். திருவருட் குறிப்பு வேறாயிருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 9-ஆந் தேதி, நீடம் என்னும் ஊரிலே, தாம் விரும்பிப் பேணிய தோட்டத்திலே உயிர் நீத்தார்.

இனி, என் குறையொன்றை மறையாது கூறுதல் வேண்டும். யான் பாதிரிமார் நிறுவிய பாடசாலையொன்றிற் கற்றவன். மார்கழித் திருவாதிரையிலே எங்கள் ஊர்க் கோயிலில் நடராஜர் அபிஷேகத்தை ஆண்டுதோறும் கண்டவன். தூக்கிய திருவடி எதனைக் குறிக்கின்றது, முயலகன் யார் என்று ஒருநாளும் வினாவினேனல்லேன். அப் பாடசாலைப் புத்தகசாலையிலே குமாரசுவாமியின் ஆங்கில நூலைக் கண்டே அவற்றை முதன்முதல் அறிந்தேன். பின்னர் வீடு வந்து பார்க்க, பாட்டனார் வைத்துச் சென்ற பெட்டியிலே உண்மை விளக்கம் தூசி படிந்து கிடந்தது. இது பாதிரிமார் குற்றமன்று. அவர்கள் எனக்கு எழுத்தறிவித்தவர்கள். நம் வீட்டு நூலை நம் பிள்ளைக்கு எடுத்துக் கொடாத நமது குற்றமே.

ஆசிரிய அன்பர்களே! முன்னேசுவரம் முதல் கற்பிட்டி வரையுள்ள இக் கரையிலே நம் மாணவர் உப்பு விளையும் வயலையும், கரைவலை இழுக்கும் தந்தையரையும், தென்னோலை பின்னும் அன்னையரையும், கோயில் மூர்த்தியையும் நாள்தோறும் காண்கின்றனர். காண்பதன்றி அறிகின்றனரோ? கடல்நீர் உப்பாகும் வகை விஞ்ஞான பாடமாகலாம். வலை முடிச்சு கணித பாடமாகலாம். திருக்கூத்தின் பொருள் சமய பாடமாகலாம். தங்கள் பெற்றோர் தொழில் இழிந்ததென எண்ணும் பிள்ளையைப் படைக்கும் பாடசாலை, எத்துணைச் சித்திகள் காட்டினும், தோல்வியுற்ற பாடசாலையேயாம். நெடுந்தூரம் சுற்றிக் குமாரசுவாமி கண்டடைந்த பொருள் நம் மாணவருக்கு வாயிற்படியிலேயே கிடக்கின்றது. அதனைச் சுட்டிக் காட்ட ஒரு விரல் போதும். அவ்விரல் நம்முடையதாகுக. கூத்தப்பெருமான் திருவருள் முன்னிற்பதாக.