யார் இந்த மஸ்தக்? தானியக் கிடங்கைத் திறக்கச் சொன்ன பாரசீக மதகுரு கொல்லப்பட்டது ஏன்?

நாடே பஞ்சத்தில் தவிக்கிறது. பிரபுக்களின் கிடங்குகளில் மட்டும் தானியம் குவிந்து கிடக்கிறது. போய் எடுத்துக்கோங்க என்று மக்களிடம் ஒரு மதகுருவே சொன்னால் என்ன ஆகும்?

சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பு பாரசீகத்தில் அப்படிச் சொன்னதாக அறியப்படுபவர் மஸ்தக். அப்போது அங்கே சாசானியர் ஆட்சி. ஜொராஸ்ட்ரியம்தான் அரசு மதம் (இந்தியாவில் பார்சிகள் பின்பற்றும் அதே மதம்). அதற்குள்ளேயே கிளம்பிய ஒரு பிரிவின் தலைவர் இவர். கடவுள் தந்த செல்வம் எல்லோருக்கும் பொது, சண்டைக்கெல்லாம் காரணம் பேராசையும் பொறாமையும்தான் என்பது இவருடைய போதனை. உயிர்க்கொலையும் கூடாது.

484-ல் மன்னர் பெரோஸ் வெள்ளை ஹூணர்களுடன் நடந்த போரில் இறந்தார். கஜானா காலி. 488-ல் அவர் மகன் கவாத் அரியணை ஏறினாலும், அதிகாரம் பிரபுக்கள் கையில்தான் இருந்தது.

மஸ்தக் மன்னரை மடக்கிய கதையை பிர்தௌசியின் 'ஷாநாமா' சொல்கிறது. பாம்பு கடித்தவனுக்கு மருந்து தராமல் வைத்திருப்பவனுக்கு என்ன தண்டனை என்று கேட்டாராம். மரணம் என்றார் மன்னர். கட்டிப்போட்டவனுக்குச் சோறு போடாமல் சாகவிட்டவன்? அவனும் குற்றவாளிதான் என்று பதில் வந்தது. அவ்வளவுதான், வெளியே வந்த மஸ்தக் கிடங்குகளைக் கொள்ளையிடச் சொல்லிவிட்டார்!

கவாத் இவரை ஆதரித்தது பக்தியாலா, பிரபுக்களை அடக்கவா? இரண்டாவதுக்கே வாய்ப்பு அதிகம். பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? 496-ல் மன்னரைச் சிறையில் தள்ளினார்கள். தப்பி ஓடிய அவர், அதே வெள்ளை ஹூணர்களின் படையோடு திரும்பி வந்து அரியணையைப் பிடித்தார்.

பெண்களையும் பொதுவாக்கச் சொன்னார் என்பதுதான் மஸ்தக் மீதான பெரிய குற்றச்சாட்டு. இங்கே கொஞ்சம் கவனம் தேவை. மஸ்தக் எழுதியது எதுவும் நம் கையில் இல்லை. இருப்பதில் பெரும்பகுதி எதிர்த்தரப்பு சொன்னது. அந்தக் காலத்திலேயே வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ், அப்படியொரு சட்டத்தை கவாத் கொண்டுவந்ததாக எழுதுகிறார். மஸ்தக் பெயரே அதில் இல்லை! அதற்காக எல்லாமே கட்டுக்கதை என்றும் தள்ளிவிட முடியாது. தந்தை யார் என்று தெரியாத குழந்தைகளுக்காகப் பின்னால் வந்த மன்னர் தனி உத்தரவு போட்டார் என்கிறார் அல்-தபரி. பிரபுக்களின் அந்தப்புரங்களில் பல பெண்கள் அடைபட்டிருந்ததைத்தான் மஸ்தக் எதிர்த்திருப்பார் என்பது சில ஆய்வாளர்களின் கருத்து.

வயதான கவாத்துக்குப் பிறகு யார் என்ற கேள்வி எழுந்தபோது, மதகுருமார்கள் இளவரசர் குஸ்ரோ பக்கம் நின்றார்கள். மஸ்தக்கின் கதை அதோடு முடிந்தது. 520-களின் இறுதியில் அவரும் ஆதரவாளர்களும் கொல்லப்பட்டதாகப் பல ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். ஆதரவாளர்களை ஒரு தோட்டத்தில் மரம் நடுவது போலத் தலைகீழாகப் புதைத்ததாக 'ஷாநாமா' சொல்கிறது. 531-ல் மன்னரான குஸ்ரோவுக்கு வரலாறு கொடுத்த பட்டம், நீதிமான்.

மஸ்தக்கின் கருத்துகள் மட்டும் மலைப்பகுதிகளில் உயிரோடு இருந்தன. அந்த வழியில் வந்த குர்ரமியர்களின் தலைவர் பாபக், அஜர்பைஜானில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக அப்பாசிய கலீஃபாக்களின் படைகளை எதிர்த்துப் போராடினார். அவரைப் பிடித்துக் கொன்றது 838-ல், மஸ்தக் இறந்து சுமார் 300 ஆண்டுகளுக்குப் பிறகு.