வரலாற்றின் பக்கங்களில் ஆகஸ்ட் 6: அரசுப் பணியில் நீதி கேட்ட சுரேந்திரநாத் பானர்ஜி

இந்திய தேசிய இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான சுரேந்திரநாத் பானர்ஜி, 1925-ஆம் ஆண்டு இதே நாளில் காலமானார். அரசுப் பணியில் சேர்வதற்கும், அதில் நீடிப்பதற்கும் ஒருவர் எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பதற்கு அவரது வாழ்க்கையே சான்றாகும்.

1848 நவம்பர் 10-ஆம் தேதி கொல்கத்தாவில் பிறந்த அவர், 1869-இல் லண்டனில் நடைபெற்ற ஐசிஎஸ் தேர்வில் வெற்றி பெற்றார். ஆனால், வயது வரம்பைக் கடந்தவர் எனக் கூறி அவரது பெயர் நீக்கப்பட்டது. மெட்ரிகுலேஷன் பதிவில் இருந்த வயது, இந்திய வழக்கப்படி நடப்பு வயதாகக் கணக்கிடப்பட்டது என வாதிட்டு, லண்டன் நீதிமன்றத்தை நாடினார். பெயர் மீண்டும் பட்டியலில் இடம்பெற்றது.

1871-இல் சில்ஹட்டில் உதவி மாஜிஸ்திரேட்டாகப் பணியில் சேர்ந்தார். தலைமறைவாகாத ஒருவரைத் தலைமறைவானவர் பட்டியலில் சேர்த்த ஆணையில் கையெழுத்திட்டதாக அவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. வழக்கமான கோப்புகளுடன் சேர்த்துக் கவனமின்றிக் கையெழுத்திட்டதாக அவர் அளித்த விளக்கம் ஏற்கப்படவில்லை. விசாரணைக்குப் பின் 1874-இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். லண்டன் சென்று முறையிட்டும் பலனில்லை. பணிநீக்கத்தைக் காரணம் காட்டி, வழக்கறிஞராகும் வாய்ப்பும் மறுக்கப்பட்டது. இதே தவறை ஓர் ஆங்கிலேயர் செய்திருந்தால் இத்தண்டனை கிடைத்திருக்காது என்பது அவரது உறுதியான நம்பிக்கை.

நாடு திரும்பியவருக்கு ஈஸ்வர சந்திர வித்யாசாகர் தமது கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர் பணி வழங்கினார். 1876-இல் இந்தியச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அக்காலத்தில் ஐசிஎஸ் தேர்வுக்கான வயது வரம்பு 21-லிருந்து 19 ஆகக் குறைக்கப்பட்டது. கடல் கடந்து லண்டனில் தேர்வெழுத வேண்டிய இந்திய இளைஞர்களுக்கு இது ஏறத்தாழக் கதவடைப்பாக அமைந்தது. இதை எதிர்த்து லாகூர் முதல் சென்னை மாகாணம் வரை பயணம் செய்து ஆதரவு திரட்டினார். இந்தியாவிலும் தேர்வு நடத்த வேண்டும் என்ற கோரிக்கை 1922-இல்தான் நிறைவேறியது.

காங்கிரஸ் தலைவராக இருமுறை பொறுப்பு வகித்த அவர், பணிநீக்கம் செய்யப்பட்டு 47 ஆண்டுகளுக்குப் பின், 1921-இல் வங்காள மாகாண அமைச்சரானார்.

இன்று அரசமைப்புச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு அரசு வேலைவாய்ப்பில் சம வாய்ப்பை உறுதி செய்கிறது. குற்றச்சாட்டைத் தெரிவித்து, விளக்கமளிக்க நியாயமான வாய்ப்பு தராமல் அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்வதை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, 311-ஆவது பிரிவு தடுக்கிறது. நடவடிக்கை தவறெனில் நிர்வாகத் தீர்ப்பாயத்தையும் நீதிமன்றத்தையும் அணுகலாம். சுரேந்திரநாத்துக்கு விசாரணை கிடைத்தது. ஆனால் அதன் முடிவை எடைபோட அரசுக்கு அப்பாற்பட்ட ஒரு மன்றம் கிடைக்கவில்லை.