கோட்டில் வாசல் வைத்தவர்



ஒரு வீட்டின் பிளானை எடுத்துப் பாருங்கள். சுவருக்கு இரண்டு கோடு. வாசல் வரும் இடத்தில் அந்த இரண்டு கோடும் அறுந்து ஒரு இடைவெளி. ஜன்னல் வரும் இடத்தில் இன்னொரு இடைவெளி, அதற்குள் மெல்லிய கோடுகள். நம்ம கேட் லேபில் ஆரம்பத்திலேயே இதைச் செய்யச் சொல்லிவிடுகிறார்கள். ஆஃப்செட் கொடு, 230 மில்லிமீட்டர் சுவர் போடு, வாசலுக்கு 900 விட்டு இரண்டு குறுக்குக் கோடு போடு, டிரிம் கொடு, நடுவில் இருப்பதைத் தட்டு. அவ்வளவுதான், சுவர் திறந்துவிடும். நாமும் பிரிண்ட் எடுத்து, ரெக்கார்டில் ஒட்டி, சாரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறோம்.

ஆனால் அந்தக் கோடு ஏன் அங்கே அறுபட வேண்டும்? வாசலுக்கு மேலேயும் சுவர் இருக்கிறதே! லிண்டலுக்கு மேல் செங்கல் கட்டத்தானே செய்கிறோம்? மேலே நின்று பார்த்தால் சுவர் முழுசாகத்தானே தெரியும்? பிறகு எதற்கு இந்த இடைவெளி?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. அவர் பெயர் காஸ்பார் மோன்ஜ். நாம் முதலாம் ஆண்டில் மினி டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்ததற்குக் காரணமானவர் அவர்தான். நம்ம கல்லூரிப் பெயரில் உள்ள பாலிடெக்னிக் என்ற சொல்லுக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சாணை பிடிப்பவர் மகன்

1746-ஆம் ஆண்டு மே மாதம், பிரான்ஸ் நாட்டின் பர்கண்டி பகுதியில் போன் என்ற ஊரில் மோன்ஜ் பிறந்தார். (டெலிபோன் இல்லை நண்பர்களே, ஊர்ப் பெயரே அதுதான்!) அப்பா ஊர் ஊராகச் சாமான் விற்றும், கத்தி சாணை பிடித்தும் பிழைத்தவர். நம்ம தெருவில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு மிதித்தபடி அரிவாள்மனைக்குச் சாணை பிடிப்பாரே, அப்படி ஒரு குடும்பம். ஆனாலும் பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் அந்தத் தகப்பன் குறை வைக்கவில்லை.

உள்ளூர்ப் பள்ளியில் கெட்டிக்காரனாக விளங்கிய மோன்ஜ், 16 வயதில் லியோன் நகரக் கல்லூரிக்குப் போனார். படிக்கப் போன இடத்திலேயே அவரை இயற்பியல் பாடம் நடத்தச் சொல்லிவிட்டார்கள்! 1764-இல் ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. தன் ஊர் முழுவதையும் அளந்து பெரிய வரைபடமாக வரைய ஆரம்பித்தார். அளக்கும் கருவிகள் கையில் இல்லை. அவற்றையும் தானே செய்துகொண்டார். அந்த வரைபடத்தைப் பார்த்த ஒரு ராணுவப் பொறியியல் அதிகாரி வியந்துபோய், மெசியேர் என்ற ஊரில் இருந்த ராணுவப் பொறியியல் பள்ளிக்கு அவரைச் சிபாரிசு செய்தார்.

பின்கட்டுப் பள்ளி

இங்கேதான் கதையே இருக்கிறது. மெசியேர் பள்ளியில் அதிகாரிப் படிப்பு பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும். சாணை பிடிப்பவர் மகனுக்கு அங்கே இடம் கிடையாது. மூளை இருந்தால் மட்டும் போதாது, பிறப்பும் வேண்டும் என்ற காலம் அது. அதனால் 1765-இல் மோன்ஜைப் பள்ளியின் பின்கட்டில் சேர்த்தார்கள். அங்கே படம் வரைவது, கல் வெட்டும் கணக்கு, சுண்ணக் கலவை குழைத்து மாதிரி செய்வது ஆகிய வேலைகள்தான். முன்கட்டு மாணவர்களுக்கு அவர்கள் என்றாலே இளக்காரம். அந்த இடத்துக்குப் பெயரே கலவை குழைக்கும் பள்ளி என்றுதான் வழங்கியது. டிப்ளமோதானே என்று நம்மைக் கேட்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வலி 250 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது!

ஒருநாள் அவரிடம் ஒரு கோட்டைக் கணக்கு வந்தது. இப்படி நினைத்துப் பாருங்கள். நம்ம திருப்பரங்குன்றம் மலையடிவாரத்தில் ஒரு கோட்டை கட்ட வேண்டும். எதிரி மலைமேல் எங்கு வேண்டுமானாலும் நின்று சுடலாம். அவன் எங்கே நின்று சுட்டாலும் உள்ளே இருப்பவர் மேல் குண்டு படக்கூடாது. அப்படியானால் சுவரை எந்தப் பக்கம் எவ்வளவு உயரம் தூக்க வேண்டும்? அந்தக் காலத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகக் கூட்டிக் கழித்து நாட்கணக்கில் போட வேண்டிய கணக்கு இது.

மோன்ஜ் எண்களை நம்பவில்லை, கோடுகளை நம்பினார். மேட்டையும் கோட்டையையும் காகிதத்தில் பிளானாகவும் எலிவேஷனாகவும் இறக்கி, கோடு இழுத்தே விடையைக் கொண்டுவந்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் முடிக்கவே முடியாது என்று சொல்லி அதிகாரி அதைச் சரிபார்க்கவே மறுத்தாராம். பிறகு பார்த்தபோது விடை அத்தனையும் சரி! விளைவு என்ன தெரியுமா? மோன்ஜுக்குக் கற்பிக்கும் வேலை கிடைத்தது. 1769-இல் கணக்குப் பேராசிரியரின் இடமே கிடைத்தது. ஆனால் அவருடைய முறையை ராணுவ ரகசியம் என்று பூட்டிவிட்டார்கள். பல ஆண்டுகள் அந்தப் பள்ளிக்கு வெளியே அதைப் பற்றி அவர் வாய் திறக்க முடியவில்லை.

நுங்கு சொல்லும் பாடம்

அப்படி என்ன ரகசியம்? பிளான் வரைவது அவருக்கு முன்பும் இருந்ததுதான். கொத்தனார்களும் கல்தச்சர்களும் பரம்பரை பரம்பரையாக வரைந்தார்கள். ஆனால் ஆளுக்கொரு முறை, கைக்கொரு பழக்கம். மோன்ஜ் அதற்கு ஒரே இலக்கணம் வகுத்தார். கிடைத்தளம் ஒன்று, செங்குத்துத் தளம் ஒன்று. பொருளின் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டிலும் இறக்கு. பிறகு ஒரு தளத்தை மடித்து இன்னொன்றோடு சேர்த்து விரி. மூன்று பரிமாணப் பொருள் ஒரே தாளில் வந்துவிடும். ஒரு பொருளை ஒரு தளம் வெட்டினால் வெட்டுமுகம் எப்படி இருக்கும் என்பதையும் இதே முறையில் வரைந்து காட்டலாம். நாம் எச்.பி., வி.பி. என்று மனப்பாடம் செய்வது இதைத்தான்.

இப்போது நம்ம வாசல் கேள்விக்கு வருவோம். திருநகர் ரோட்டோரம் நுங்கு சீவுவதைப் பார்த்திருப்பீர்கள். பனங்காயைக் குறுக்கே ஒரு சீவு சீவினால் மூன்று கண்ணும் பளிச்சென்று தெரியும். சரியான உயரத்தில் சீவினால்தான் தெரியும். ரொம்ப மேலே சீவினால் வெறும் மட்டைதான். பிளானும் அப்படியே. அது மேலே நின்று பார்க்கிற படம் இல்லை, வீட்டைக் குறுக்கே சீவிவிட்டுப் பார்க்கிற படம். தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் அல்லது 1.2 மீட்டர் உயரத்தில் சீவுகிறோம். கத்தி எங்கே சுவரில் படுகிறதோ அங்கே தடித்த கோடு. வாசலில் கத்திக்கு எதுவும் தட்டுப்படவில்லை, அதனால் கோடும் இல்லை. ஜன்னலில் கத்தி காற்றில் போகிறது, ஆனால் கீழே சில் சுவர் தெரிகிறது. அதனால்தான் மெல்லிய கோடு. வெண்டிலேட்டர் கத்திக்கு மேலே இருப்பதால் விட்டுவிட்டு வரும் புள்ளிக்கோடு.

நம்ம குன்றத்துக் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கருவறைகள் எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மலையைக் குடைந்து செய்தவை. அங்கே யாரும் சுவர் எழுப்பவில்லை. இருந்த பாறையில் வேண்டாததை எடுத்தார்கள், மிச்சம் சுவராக நின்றது. அந்த மலையை நெஞ்சளவு உயரத்தில் மனசால் சீவிப் பாருங்கள். பாறை முழுவதும் தடித்த கோட்டுக்குள் அடங்கும், குடைந்த இடமெல்லாம் வெள்ளையாக நிற்கும். அதுதான் அந்தக் குடைவரையின் பிளான்.

ஆகவே டிரிம் என்பது கோட்டை அழிக்கிற வேலை இல்லை. சீவின இடத்தில் சுவர் இல்லை என்ற உண்மையை எழுதுகிற வேலை. கம்ப்யூட்டரும் அப்படித்தான் புரிந்துகொள்கிறது. 1963-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற வரைபட மென்பொருளை உருவாக்கிக் காட்டினார். 1982-இல் ஆட்டோகேட் வந்தது. இவற்றில் ஒரு கோடு என்பது மை இல்லை. ஆரம்பப் புள்ளி, முடிவுப் புள்ளி என்ற இரண்டு இடங்களின் கணக்குத்தான். நடுவில் வெட்டினால் ஒரு கோடு இரண்டு கோடாகிறது, இரண்டு முனை நான்கு முனையாகிறது. அதனால்தான் வெட்டிய பிறகு சுவரின் முனையைக் குறுக்குக் கோட்டால் மூடச் சொல்கிறார்கள். மூடாமல் விட்டால் ஹேட்ச் போடும்போது எல்லை மூடவில்லை என்று முரண்டு பிடிக்கும். பொருளைப் புள்ளிகளாக்கிப் பார்த்த மோன்ஜின் கண் இங்கேயும் இருக்கிறது.

பாலிடெக்னிக் பிறந்த கதை

1780-இல் பாரிஸ் அறிவியல் கழகம் மோன்ஜை உறுப்பினராக்கியது. 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிறப்பைப் பார்த்து இடம் கொடுத்த ஏற்பாடு கவிழ்ந்தது. பின்கட்டுப் பையன் 1792-இல் நாட்டின் கடற்படை அமைச்சரே ஆனார்! அடுத்த ஆண்டே அந்தப் பதவியை விட்டாலும், போர் நேரத்தில் பீரங்கி வார்க்கவும் வெடிமருந்து செய்யவும் பட்டறைகளில் நின்று வழிகாட்டினார். மீட்டர் அளவு முறையை வகுத்த அறிஞர்களிலும் அவர் ஒருவர். நாம் போடுகிற 230-க்கும் 900-க்கும் அங்கேதான் வேர்.

1794-இல் பாரிஸில் பொறியாளர்களுக்கு ஒரு புதிய பள்ளி தொடங்கியது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் மோன்ஜ். 1795-இல் அதற்கு எக்கோல் பாலிடெக்னிக் என்று பெயர் வந்தது. பல தொழிற்கலைகள் கற்கும் இடம் என்று பொருள். குலம் கோத்திரம் கேட்கவில்லை, நுழைவுத் தேர்வு எழுதித் தேறினால் இடம். அதே 1795-இல் பூட்டி வைத்த ரகசியத்தையும் வகுப்பறையில் எல்லோருக்கும் நடத்தினார். 1799-இல் அது நூலாக வந்து உலகம் முழுவதும் போனது. பின்னாளில் நெப்போலியன் ஆட்சியில் அந்தப் பள்ளி மாணவர்கள் கட்டணம் கட்ட வேண்டும் என்று வந்தபோது, தன் ஓய்வூதியத்தை ஏழை மாணவர்கள் படிப்புக்குக் கொடுத்தார் மோன்ஜ். பசித்தவனுக்குத்தானே பசி தெரியும்!

1798-இல் நெப்போலியனோடு எகிப்து போனார். பாலைவனத்தில் தாகத்தோடு நடந்த படைவீரர்கள் தூரத்தில் தண்ணீரைக் கண்டு ஏமாந்தபோது, அது சூடான காற்றடுக்கில் ஒளி திரும்புவதால் வரும் தோற்றம் என்று ஆராய்ந்து எழுதினார். சித்திரை வெயிலில் திருமங்கலம் ரோட்டில் நாம் பார்க்கிற அதே கானல்நீர்தான்.

கடைசி நாட்கள்

1815-இல் நெப்போலியன் வீழ்ந்தார். பழைய மன்னர் வம்சம் திரும்பியது. நெப்போலியனின் நண்பர் என்பதற்காக 1816-இல் மோன்ஜை அறிவியல் கழகத்திலிருந்தே நீக்கினார்கள். மனம் உடைந்த அவர் 1818 ஜூலை 28-இல் காலமானார். இறுதி ஊர்வலத்தில் கலந்துகொள்ள பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அரசு அனுமதி தரவில்லை. மாணவர்கள் என்ன செய்தார்கள்? உத்தரவை மீறவில்லை, மறக்கவும் இல்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து கல்லறைக்குப் போய்த் தங்கள் ஆசிரியருக்கு மலர் வைத்தார்கள். 1889-இல் கட்டி முடித்த ஈபிள் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவர் பெயரும் உண்டு. 1989-இல் பிரான்ஸ் தன் தலைசிறந்த மக்களை அடக்கம் செய்யும் பாந்தியோனுக்கு அவரைக் கொண்டுவந்தது.

நண்பர்களே, லேபில் தப்பாக வெட்டினால் அண்டூ இருக்கிறது. சைட்டில் அண்டூ கிடையாது. நம்ம பிளானை நம்பிக் கொத்தனார் சுவர் எழுப்புவார், ஆசாரி நிலை இழைப்பார், கடன் வாங்கிக் கட்டுகிற ஒரு குடும்பம் அந்த வாசல் வழியாகத்தான் காலமெல்லாம் போய்வரும். அதனால் டிரிம் தட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம், கத்தி எந்த உயரத்தில் போகிறது, என்ன தட்டுப்படுகிறது என்று மனசால் பாருங்கள். விரல் செய்கிற வேலையைக் கம்ப்யூட்டர் செய்துவிடும். மனசால் பார்க்கிற வேலை நம்முடையது. அதைச் சொல்லித்தந்தவர் பின்கட்டில் கலவை குழைத்தவர். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்திருக்கும் நம்மில் பலருக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேண்டுமா?

சுவருக்கும் வாசல் வைத்தார், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும் வாசல் வைத்தார். வாழ்க மோன்ஜ் புகழ்!