பட்டம் வாங்காத பாறை மேதை

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். டிப்ளமோதானே என்று யாராவது இழுத்துச் சொன்னால் மனசு சுருக்கென்று ஆகிவிடும். அப்படிப்பட்ட நமக்காகவே சார்லஸ் டூலிட்டில் வால்காட்டின் கதையைச் சொல்கிறேன்.

அவர் 1850-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். இரண்டு வயதில் தகப்பனாரை இழந்தார். நம்ம வயசில், அதாவது பதினெட்டில், பள்ளிப் படிப்பை முடிக்காமலே நின்றுவிட்டார். இரும்புச் சாமான் கடையில் கொஞ்ச காலம், பிறகு ஒரு பண்ணையில் வேலை. ஓய்வு கிடைத்தால் போதும், சுத்தியலை எடுத்துக்கொண்டு பாறை உடைக்கக் கிளம்பிவிடுவார். டிரைலோபைட் என்னும் ஆதிகால உயிரினத்தின் புதைபடிவங்களை அப்படித்தான் சேர்த்தார். 1873-ல் ஹார்வர்டு பேராசிரியர் அகாசி அவற்றை 3,500 டாலருக்கு வாங்கினார்!

1879-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையில் சாதாரண உதவியாளராகச் சேர்ந்தவர், 1894-ல் அந்தத் துறைக்கே இயக்குநரானார். 1899-ல் கிராண்ட் கேன்யன் பாறையில் கிடைத்த, சில மில்லிமீட்டரே உள்ள கறுப்பு வட்டுகளுக்குச் சுவாரியா என்று பெயரிட்டார். அவற்றை ஓடுள்ள பிராணி என்று அவர் நினைத்தார். பாசி போன்றவை என்று இன்று கருதுகிறார்கள்.

1909 ஆகஸ்டில்தான் பெரிய புதையல். கனடாவின் ராக்கி மலையில், பர்ஜஸ் ஷேல் என்னும் களிமண் பாறையில், சுமார் 50 கோடி வருஷத்துக்கு முந்தைய மெல்லுடல் பிராணிகள் அச்சு அசலாகப் பதிந்திருந்தன. எலும்பும் ஓடும் இல்லாத உடம்பு செத்ததும் அழுகிவிடும். அங்கே மெல்லிய சேறு சட்டென்று மூடியதால் கண், கால், குடல்கூடத் தப்பின. அதில் ஒன்றான ஒபபினியாவுக்கு ஐந்து கண்கள்!

1911-ல் மனைவி ரயில் விபத்தில் இறந்தார். 1917-ல் ஒரு மகன் போரில் மாண்டார். அப்படியும் கோடைதோறும் மலையேறுவதை அவர் விடவில்லை. 65,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேர்த்துவிட்டு 1927-ல் காலமானார்.

1960-களில் விட்டிங்டன் என்ற அறிஞரும் பிறகு அவர் மாணவர்களும் அந்த இடத்தையும் அந்தக் கற்களையும் மறுபடி ஆராய்ந்தார்கள். வால்காட் தெரிந்த இனங்களில் சேர்த்த பல பிராணிகள் வேறு வகை என்று தெரிந்தது. அவர் போட்ட கணக்கு மாறியது. ஆனால் திருத்துவதற்குக் கல் பத்திரமாக இருந்ததே, அது யார் உழைப்பு?

ரெக்கார்டு நோட்டு எழுதக் கை வலிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதர் ஞாபகம்தான் வருகிறது, நண்பர்களே.