கம்பிகளை அகற்றியவர்

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு மாணவரை அழைத்துச் செல்லுந்தோறும் ஒரு ஜேர்மானியரின் வரலாறு என் நெஞ்சில் எழுவதுண்டு. 1936இல் அரசு பொறுப்பேற்ற அச்சாலைக்கு முன்னோடியாக விலங்குகளைத் திரட்டியவர் கொழும்பில் வாழ்ந்த ஜோன் ஹேகன்பெக். அவருடைய தந்தைவழித் தமையனார் கார்ல் ஹேகன்பெக்கைப் பற்றியே நான் கூறவந்தேன்.

கார்ல், 1844இல் ஹம்பேர்க் நகரத்து மீன் வணிகர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். 1848இல் மீனவர் வலையிற் சிக்கிய ஆறு கடல்நாய்களைத் தந்தையார் மரத்தொட்டிகளில் விட்டு, காசு பெற்றுக் காட்டினார். அச்சிறு தொழிலை ஏற்ற மகன், ஐரோப்பாவின் பெரும் விலங்கு வணிகராய் உயர்ந்தார். ஆயின் அவ்வணிகத்திற்காகக் குட்டிகளைப் பிடிக்கத் தாய் விலங்குகள் கொல்லப்பட்டதும் உண்மையே.

விலங்குகள் இருப்புக்கம்பிகளுக்குள் அடைபட்டுக் கிடந்த காலம் அது. 1896இல் அவர் புதியதொரு காட்சிமுறைக்குக் காப்புரிமை பெற்றார். 1907 மே மாதத்தில், ஹம்பேர்க்கை அடுத்த ஸ்டெலிங்கனில் அம்முறையில் அமைந்த விலங்குப் பூங்காவைத் திறந்துவைத்தார். சுவிற்சர்லாந்துச் சிற்பி ஊர்ஸ் எக்கென்ஷ்வைலர் அங்கே செயற்கைக் குன்றுகளை எழுப்பினார். விலங்குகள் தாவும் தூரத்தை அளந்தறிந்து, அவை கடக்கவியலாத அகழிகளைப் பார்ப்போர் கண்ணிற்படாவண்ணம் அமைத்தனர். முன்னே நீர்ப்பறவைகள், அப்பால் புல்மேயும் விலங்குகள், அதற்கும் அப்பால் சிங்கங்கள், உயரே பாறைகளில் மலையாடுகள். ஓரிடத்தில் நின்று நோக்குவோர்க்கு எல்லாம் ஒரே நிலப்பரப்பாகவே தோன்றின. உலகின் பற்பல நகரங்கள் இம்முறையைப் பின்பற்றின.

இத்துடன் அவர் கதையை முடித்தல் எளிது. ஆனால் அது நேர்மையாகாது. 1874இல் வடபுலத்துச் சாமி மக்களைக் கலைமான்களுடன் கொணர்ந்து காட்சிப்படுத்தியவரும் அவரே. 1880களில் இலங்கையரும் அவ்வாறு ஐரோப்பிய நகரங்களிற் காட்டப்பட்டனர். 1880இல் லாப்ரடோரிலிருந்து அழைத்துவரப்பட்ட இனூயிற் மக்கள் எண்மருக்குப் பெரியம்மைத் தடுப்பு உரிய காலத்தில் இடப்படவில்லை. 1881 ஜனவரிக்குள், குழந்தைகள் உட்பட எண்மரும் மாண்டனர். அவர்களுள் ஒருவரான ஆபிரகாம், தம் தாய்மொழியில் எழுதிய நாட்குறிப்பினால் இன்றும் அறியப்படுகிறார்.

ஹேகன்பெக் 1913இல் காலமானார். விலங்கின் கண்முன்னிருந்த கம்பியை அகற்றத் தெரிந்த அவருக்கு, மனிதரைக் காட்சிப்பொருளாக்குவது தவறெனத் தோன்றவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லாமல் அவர் வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்க என் மனம் ஒப்புவதில்லை.