சோற்றுக்கு வழி செய்த சி.எஸ்.



அரியலூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மருதையாற்று ரயில் பாலம் தெரிந்திருக்கும். 1956 நவம்பர் 23 அன்று விடியற்காலை, கொட்டுகிற மழையில், அங்கேதான் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 150 பேர் வரை இறந்து போனார்கள். அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி பதவியை ராஜினாமா செய்தவர் லால்பகதூர் சாஸ்திரி. பொது அறிவுப் புத்தகத்தில் நாம் எல்லோரும் படித்த விஷயம்தான் இது.

அதே சாஸ்திரி 1964 ஜூனில் பிரதமர் ஆனார். உணவு, விவசாய இலாகாவை யாரிடம் கொடுப்பது என்று தேடினார். அந்த இலாகாவுக்கு அரசியல்வாதிகளின் சுடுகாடு என்றே அப்போது பெயர். அதைத் துணிந்து ஏற்றுக்கொண்டவர் நம் தமிழ்நாட்டுக்காரர், சி. சுப்பிரமணியம். சுருக்கமாக சி.எஸ்.

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு விவசாய மந்திரி கதை எதுக்குடா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கு. வேப்பந்தட்டை பக்கம் எங்கப்பாவுக்கு 2 ஏக்கர் மானாவாரிக் காடு. பருத்தி, மக்காச்சோளம். எங்க வீட்டிலிருந்து படிக்க வந்த முதல் ஆள் நான். ஒரு வருஷம் கடையில் கடனுக்கு வாங்கிப் போட்ட பருத்தி விதை பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. கையில் பில்லும் கிடையாது. யாரைப் போய்க் கேட்பது? அன்றிலிருந்து புது ரகம், புது மருந்து என்று யார் வந்து சொன்னாலும், முதலில் வேற யாராவது போடட்டும் என்பார் அப்பா. விவரம் தெரியாத மனுஷன் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். சி.எஸ். அவர்களின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் விவரம் தெரியாதவன் நான் என்று புரிந்தது.

விவசாயி வீட்டுப் பிள்ளை

பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையம் என்ற சின்ன ஊரில், 1910 ஜனவரி 30 அன்று ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் சி.எஸ். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பிறகு சட்டம் படித்து கோயம்புத்தூரில் வக்கீல் தொழில் செய்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதிய நிர்ணய சபையில் அவரும் ஒரு உறுப்பினர்.

1952 முதல் 1962 வரை சென்னை மாநில மந்திரி. 1954-ல் ராஜாஜி விலகியபோது, முதல்வர் பதவிக்கான போட்டியில் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றார். காமராஜர் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஜெயித்த கையோடு சி.எஸ்.ஸையும் மந்திரி சபையில் சேர்த்துக்கொண்டு நிதி, கல்வி இலாகாக்களைக் கொடுத்தார். மதிய உணவுத் திட்டமும் கிராமத்துப் பள்ளிக்கூடங்களும் பெருகிய காலம் அது. நம்மைப் போன்றவர்கள் பாலிடெக்னிக் வாசலை மிதிக்க அன்றைக்குப் போட்ட பாதைதான் காரணம் என்று சொன்னால் மிகையாகாது. 1962-ல் டெல்லிக்குப் போய் எஃகு, கனரகத் தொழில் மந்திரி ஆனார். இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தவரைத்தான் சாஸ்திரி நெல்லுக்கும் கோதுமைக்கும் கூப்பிட்டார்.

கப்பல் வந்தால்தான் சோறு

நண்பர்களே, அன்றைய நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்! அமெரிக்காவிலிருந்து கோதுமைக் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடை திறக்கும். 1965-ல் மழை பொய்த்தது. பாகிஸ்தானோடு போர் வேறு. முந்தைய வருஷம் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த தானிய விளைச்சல், 1965-66-ல் 7 கோடியே 20 லட்சம் டன்னாகச் சரிந்தது. அடுத்த வருஷமும் மழை ஏமாற்றியது. 1966-ல் மட்டும் ஏறக்குறைய 1 கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது.

அந்த நேரத்தில் மெக்ஸிகோவில் நார்மன் போர்லாக் என்ற விஞ்ஞானி ஒரு குட்டைக் கோதுமையை உருவாக்கி வைத்திருந்தார். குட்டையாக இருப்பதில் அப்படி என்ன லாபம்? கான்டிலீவர் பீம் படித்த நமக்கு இது சுலபமாகப் புரியும். நம் நாட்டுக் கோதுமை நல்ல உயரம். உரம் போட்டால் கதிர் கனக்கும். உயரமான தண்டின் நுனியில் பாரம் ஏறினால் அடியில் வளைந்து பயிரே சாய்ந்துவிடும். குட்டையாக, தடித்த தண்டாக இருந்தால் உரத்தைத் தின்றுவிட்டு நிமிர்ந்து நிற்கும். ஜப்பான் நாட்டு நோரின் 10 என்ற ரகத்திலிருந்து வந்த குணம் அது. எம்.எஸ். சுவாமிநாதன் முயற்சியால் போர்லாக் 1963-ல் இந்தியாவுக்கு வந்தார். விதை நல்லது என்பது விஞ்ஞானிகளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் விவசாயி நம்பணுமே!

விதை, விலை, விளக்கம்

இங்கேதான் சி.எஸ். என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். விதையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. விதையோடு அரசாங்கத்தையும் வயலுக்கு அனுப்பினார்.

முதலில் விலை. நன்றாக விளைந்தால் விலை விழுந்துவிடும் என்பது எந்த விவசாயிக்கும் உள்ள பயம். 1965 ஜனவரியில் விவசாய விலைக் கமிஷனும், இந்திய உணவுக் கழகமும் தொடங்கப்பட்டன. குறைந்தபட்ச ஆதரவு விலை என்று இன்று நாம் பேசுவதற்கு அதுதான் ஆரம்பம். உணவுக் கழகத்தின் தலைமையகம் முதலில் இருந்தது சென்னையில். முதல் மாவட்ட அலுவலகம் கொள்ளிடத்துக்கு அக்கரையில், தஞ்சாவூரில்!

அடுத்தது விளக்கம். செயல்விளக்கத் திடல்களைச் சிறு விவசாயிகளின் நிலத்தில்தான் போட வேண்டும் என்பது சுவாமிநாதன் போன்றவர்களின் முடிவு. பணக்காரன் வயலில் விளைந்தால், அவனிடம் பணம் இருக்கு, அதனால் விளைஞ்சுது என்று ஊர் சொல்லிவிடும். தன்னைப் போல ஒருத்தன் காட்டில் விளைந்தால்தானே நம்பிக்கை வரும்? சி.எஸ். ஒரு படி மேலே போனார். டெல்லியில் தன் பங்களா புல்தரையை உழுது அதிலேயே புதுக் கோதுமையை விதைத்தார்.

கடைசியில் விதை. 1966-ல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் விதை கப்பலேறி வந்தது. அதே வருஷம் விதைச் சட்டமும் நிறைவேறியது. விதைப் பாக்கெட்டில் முளைப்புத் திறன் சதவீதம் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சட்டம் தந்த பாதுகாப்பு அது.

இதெல்லாம் சும்மா நடந்துவிடவில்லை. உரம் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி எங்கே என்று நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி எதிர்த்தார். வெளிநாட்டு விதையை நம்பலாமா என்றும், சிறு விவசாயி பின்தங்கிப் போவானே என்றும் பலர் எதிர்த்தார்கள். இதற்கு நடுவில், 1965 பிப்ரவரியில் இந்தித் திணிப்புப் பிரச்சினைக்காக ராஜினாமா கடிதமும் கொடுத்தார் சி.எஸ். பிறகு சமாதானமாகித் திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார்.

1967 தேர்தல் வந்தது. நாடெங்கும் அரிசிப் பஞ்சம். கோபிச்செட்டிப்பாளையத்தில் நின்ற உணவு மந்திரி தோற்றுப்போனார்! அடுத்த வருஷம், 1968-ல், கோதுமை சுமார் 1 கோடியே 65 லட்சம் டன் விளைந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அது 1 கோடியே 20 லட்சம் டன்தான். வட இந்தியாவில் மூட்டை வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களை மூடி அடுக்கினார்களாம். கோதுமைப் புரட்சிக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். விதைத்தவர் அப்போது மந்திரியாக இல்லை.

மறுபடி ஜெயித்து 1974 முதல் 1977 வரை நிதி மந்திரியாக இருந்தார். அது நெருக்கடி நிலைக் காலமும் கூட. அந்த அரசில் அவரும் இருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கிராமத்து ஏழைக்குக் கடன் கொடுக்க 1975-ல் வட்டார கிராம வங்கிகள் தொடங்கியது அவர் நிதி மந்திரியாக இருந்தபோதுதான். பிறகு மகாராஷ்டிர கவர்னர் ஆனார். 1998-ல் பாரத ரத்னா பெற்றார். 2000 நவம்பர் 7 அன்று, தொண்ணூறு வயதில் சென்னையில் காலமானார்.

நம்ம ஊருக்கு வருவோம்

எதிர்த்தவர்கள் சொன்னதில் உண்மையே இல்லையா? இருக்கு. தண்ணீர் உள்ள இடத்துக்குத்தான் பசுமைப் புரட்சி முதலில் போனது. பெரம்பலூர் மானாவாரிக் கரிசலுக்கு அது சரியாக வந்து சேரவில்லை. உரமும் மருந்தும் அளவு மீறியதில் மண் கெட்ட இடங்களும் உண்டு.

இன்று காலம் பயோ டெக்னாலஜிக்கு வந்திருக்கிறது. 2002-ல் பி.டி. பருத்திக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. காய்ப்புழு முதலில் அடங்கியது. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்கும் பழகிக்கொண்டது. விதை விலைக்கு உச்சவரம்பு வைக்க 2015 டிசம்பர் வரை மத்திய அரசாங்க உத்தரவு வரவில்லை. இன்னொரு பக்கம், வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கிற சி.ஆர். 1009 சப்-1 நெல் வந்தது. திருமானூர் மாதிரி கொள்ளிடக் கரை ஊர்களுக்கு ஏற்ற ரகம். மரபணுவை அடையாளம் பார்த்துச் சேர்த்து உருவாக்கியது.

2018-ல் நம் மாவட்டங்களில் மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றது நினைவிருக்கா? எங்க காட்டில் கதிரே மிஞ்சவில்லை. அப்போது எனக்குப் பதினோரு வயது. அடுத்த பருவத்தில், ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிற எங்க பக்கத்துக் காட்டுக்காரர் நிலத்தில் விவசாயத் துறை செயல்விளக்கத் திடல் போட்டது. இனக்கவர்ச்சிப் பொறி, வரப்போரம் தட்டைப்பயறு, புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணம். யாரிடமும் சொல்லாமல் அப்பா மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான்காவது தடவை அந்தப் பூஞ்சாணம் எங்கே கிடைக்கும், மானியம் உண்டா என்று கேட்டார். அந்த வருஷம் எங்க சோளம் தப்பிச்சுது.

அப்பா பிடிவாதக்காரர் இல்லை நண்பர்களே. நஷ்டம் வந்தால் தாங்க முடியாதவர், அவ்வளவுதான். புதுசு எதுவானாலும் அதன் முதல் நஷ்டத்தை ஏற்க ஒருத்தர் வேண்டும். அது ரெண்டு ஏக்கர்காரனாக இருக்க முடியாது; அரசாங்கமாகத்தான் இருக்க முடியும். சி.எஸ். புரிந்துகொண்டது இதைத்தான்.

நம்மில் பாதிப்பேர் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். லீவுக்கு ஊருக்குப் போனால் மூன்று வேலை செய்வோம். விதை வாங்கும்போது பில் கேட்டு வாங்குவோம். கொடுக்க வேண்டியது கடைக்காரரின் சட்டக் கடமை. பாக்கெட்டில் முளைப்புத் திறனையும் காலாவதித் தேதியையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவோம். வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய், இந்தப் பருவத்துத் திடலை எங்க ஊரில், ஒரு சிறு விவசாயி காட்டில் போடுங்கள் என்று மனு எழுதிக் கொடுப்போம். எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் வீட்டுக்கு இதையாவது செய்ய வேண்டாமா?