பிழை பொறாப் பெருந்தகை பாண்டித்துரைத் தேவர்

எடுத்த வினையைக் குறைவின்றி முடித்தல் வேண்டும் என்னும் வேட்கை சிலரிடத்து இயல்பாகவே அமைந்துவிடுகின்றது. உடன் வாழ்வோர் அவர்களைப் பிடிவாதக்காரர் என்பர். எதிலும் குற்றம் காண்பவர் என்றும் கூறுவர். பிழை பொறாத உள்ளம் உடையவர்க்கும் அவரைச் சார்ந்தவர்க்கும் துன்பமே தரும் என்று கருதுவாரும் உளர். அக்கருத்து முற்றும் பொய்யன்று. ஆயினும் முழு உண்மையும் அன்று. அத்தகைய உள்ளம் நெறிப்பட்டுச் செல்லுமாயின், அது ஒரு மொழிக்கே அரணாக அமைதலும் கூடும். சேது நாட்டில் தோன்றிய வள்ளல் பாண்டித்துரைத் தேவரின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும். நம் இல்லத்துச் சிறார்க்கு எடுத்துரைக்கத்தக்க அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக எழுதுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

இராமேசுவரத்தையும் அதனைச் சூழ்ந்த கடற்கரையையும் காத்து வந்த சேதுபதி மன்னர் மரபில், 1867ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆம் நாள், இராமநாதபுரத்தில் பாண்டித்துரைத் தேவர் பிறந்தார். தந்தையார் பொன்னுசாமித் தேவர். இவர் சேதுபதி மன்னராய் இருந்த முத்துராமலிங்கரின் தமையனார். தமிழிலும் இசையிலும் வல்லவர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருக்குறள் பரிமேலழகர் உரையையும் திருக்கோவையார் உரையையும் அச்சிட்டபோது, அப்பணிக்குத் துணை நின்றவர் இப்பொன்னுசாமித் தேவரே. நாவலர் பதிப்பு என்றால் பிழையற்ற பதிப்பு என்பது அக்காலத்துப் புலவர் உலகம் ஒப்பிய செய்தி. எனவே, அச்சுப் பிழையும் பாடப் பிழையும் இல்லாத நூலுக்குப் பொருள் வழங்குதலை இக்குடும்பம் ஓர் அறமாகவே கொண்டிருந்தது எனலாம்.

பாண்டித்துரைத் தேவர் இளமையிலேயே தந்தையை இழந்தார். ஆயினும் அழகர் ராஜு முதலிய ஆசிரியர்களிடம் தமிழை முறையாகக் கற்றார், ஆங்கிலமும் பயின்றார். இளைஞராய் இருந்தபோதே பாலவநத்தம் ஜமீன் பொறுப்பை ஏற்றார். செல்வமும் இளமையும் ஒருங்கே வாய்த்தவர்க்குக் கேளிக்கைகள் பல காத்திருக்கும். இவரோ புலவர்களை அழைத்து வைத்து நூலாராய்தலையே பொழுதுபோக்காகக் கொண்டார். பல நூற் செய்யுட்களைப் பொருள் வாரியாகப் பகுத்துப் பன்னூற்றிரட்டு என்னும் தொகை நூலை ஆக்கினார். சைவ மஞ்சரி என்பதும் இவர் தொகுத்ததே. தொகுத்தல் எளிய பணி போலத் தோன்றும். ஆனால் ஏட்டுக்கு ஏடு வேறுபடும் பாடங்களுள் எது செவ்விய பாடம் எனத் தேர்ந்து கொள்ளாமல் ஒரு செய்யுளையும் சேர்க்க இயலாது. மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த முத்துக்களைச் சல்லடைகளில் இட்டு அளவு பிரிப்பவர் போல, சொற்களை நிறுத்துத் தேரும் பழக்கம் இவ்வாறே இவரிடம் ஊன்றியது.

மாற்றப்பட்ட குறள்

இவரைப் பற்றித் தமிழ்ப் பெரியோர் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி ஒன்று உண்டு. மதுரையில் ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் ஒருவர் தமிழ் கற்றிருந்தார். குறட்பாக்கள் சிலவற்றில் எதுகையும் மோனையும் தாம் எதிர்பார்த்தபடி அமையவில்லை என்று கண்டார். அதனைக் குறையெனக் கருதி, சொற்களைத் தம் விருப்பம்போல் மாற்றி, திருத்திய திருக்குறள் என அச்சிட்டுவிட்டார். ஏலாசாரியர் அருளியது என்று நம் மரபு போற்றும் நூல் அது, வணக்கத்துடன் ஓதப்பெறுவது. அதன் சொல்லைப் பெயர்த்தால் பொருளும் பெயர்ந்துவிடும் என்பதை அவர் உணர்ந்திலர்.

செய்தி அறிந்த தேவர் உள்ளம் கொதித்தார். எனினும் அவரோடு வழக்காடவில்லை; ஊரறிய இகழவும் இல்லை. கிடைத்த படிகள் அனைத்தையும் தம் பொருளைக் கொடுத்து வாங்கி, ஒன்றும் எஞ்சாதவாறு தீக்கிரையாக்கினார் என்பர்.

நூலைத் தீயிலிடுதல் தகுமோ என வினவுவார் உளர். அவ்வினா நியாயமானதே. கருத்து வேறுபாட்டிற்காக ஒரு நூலை அழித்தல் அறமாகாது. ஏடுகள் அழிந்தமையால் நேர்ந்த இழப்பை ஜைனராகிய நாம் நன்கறிவோம். ஆனால் ஈண்டு அழிந்தது ஒருவருடைய கருத்தன்று. மூல நூலின் பெயரைத் தாங்கி நின்ற பிழை. பின்வரும் மாணாக்கர் அதனையே மூலமெனக் கொண்டு மயங்குவர் என்னும் அச்சமே தேவரை உந்தியது. இருப்பினும், அவர் அத்துடன் அமைந்திருந்தால், சினம் மிக்க செல்வர் ஒருவரின் செயலாகவே அது நின்றிருக்கும். பிழையைப் போக்குவதினும் பிழை நேராத நிலையை உண்டாக்குவதே பெரிது என்று அவர் செயலால் காட்டியமையாலேயே நாம் இன்று அவரைப் போற்றுகின்றோம்.

நான்காம் தமிழ்ச் சங்கம்

1901ஆம் ஆண்டில் தேவர் மதுரைக்குச் சென்றிருந்தபோது, சொற்பொழிவுக்காகத் திருக்குறளும் கம்பராமாயணமும் தேவைப்பட்டன என்றும், சங்கம் வளர்த்த அந்நகரில் தேடியும் அவை எளிதிற் கிட்டவில்லை என்றும் கூறுவர். பிறராயின் வருந்தி ஊர் திரும்பியிருப்பர். தேவரோ அக்குறையைத் தம் குறையாகவே கொண்டார். அவ்வாண்டு செப்டம்பர் 14ஆம் நாள் மதுரையில் தமிழ்ச் சங்கம் தொடங்கப் பெற்றது. இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி இதற்குப் பெருந்துணை புரிந்தார். இவர் தேவருக்குச் சிற்றப்பன் மகனார். விவேகானந்தர் 1893இல் சிகாகோ செல்ல ஊக்கியவரும், 1897 சனவரியில் அவர் பாம்பனில் வந்திறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்றவரும் இவரே. 1903இல் முப்பத்தைந்து வயதிலேயே பாஸ்கர சேதுபதி மறைந்தமை சங்கத்திற்குப் பேரிழப்பாயிற்று.

சங்கத்தின் அமைப்பை நோக்கினால் தேவரின் மனப்பாங்கு நன்கு விளங்கும். நல்ல நூல் கிடைத்தற்குப் பாண்டியன் புத்தகசாலை. நன்கு கற்பித்தற்குச் சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை. ஆராய்ந்தவற்றை அறிஞர் முன் வைத்தற்கு 1902இல் தொடங்கிய செந்தமிழ் இதழ். பிழையின்றி வெளியிடுதற்கு அச்சகம். கற்றவர் தகுதியை அளத்தற்குத் தேர்வுகள். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனத் தேர்வுகள் மூன்று படியாக அமைந்திருந்தன. முன் தலைமுறைத் தமிழாசிரியர் பலர் இத்தேர்வுகளில் தேறியவர்களே. ஆசிரியப் பயிற்சி பெற்ற நமக்கு இம்மூன்று படி முறை மிகவும் உவப்பளிக்கின்றது. முழுமையை ஒரே நாளில் எவரிடத்தும் எதிர்பார்த்தல் ஆகாது. முதற்படியில் நிற்பவனை அப்படிக்குரிய அளவையாலேயே அளந்து, அடுத்த படியைக் காட்டுதல் வேண்டும். பிழை பொறாத தேவர், கற்பவர்க்குப் படிக்கட்டு அமைத்துக் கொடுக்கும் பொறுமை உடையவராகவும் இருந்தார்.

செந்தமிழின் முதல் ஆசிரியராக இரா. இராகவையங்கார் விளங்கினார், பின்னர் மு. இராகவையங்கார் அப்பணியை ஏற்றார். இரா. இராகவையங்கார் பதிப்பித்த நூல்களுள் நேமிநாதமும் ஒன்று. குணவீர பண்டிதர் இயற்றி, தென் மயிலாபுரி நேமிநாத தீர்த்தங்கரர் திருப்பெயரால் வழங்கும் அவ்விலக்கண நூல் நம்மவர் தமிழுக்கு ஈந்த செல்வம். சைவ நெறியில் ஊன்றிய தேவர் நிறுவிய சங்கத்துப் புலவர், ஜைன நூலையும் அதே கவனத்துடன் போற்றினார் என்பது நாம் நன்றியுடன் நினைக்கத்தக்கது. திருத்தமான நூல் வேண்டும் என்பவர்க்கு நூலின் சமயம் தடையாவதில்லை.

புலவர்க்குத் துணை

டாக்டர் உ.வே. சாமிநாதையர் கும்பகோணத்தில் ஆசிரியராய் இருந்த நாளில், நம் சீவக சிந்தாமணியின் பொருளுணர்தற்கு அவ்வூர்ச் சமணப் பெரியோர் இல்லங்களை நாடிச் சென்றதும், இருபதுக்கும் மேற்பட்ட ஏட்டுப் படிகளை ஒப்பிட்டு 1887இல் அந்நூலை வெளியிட்டதும் அன்பர்கள் அறிந்தவை. அவ்வையர் 1898இல் மணிமேகலையை வெளியிடுதற்குப் பொருளுதவி புரிந்தவர் பாண்டித்துரைத் தேவர். ஒரு சொல்லின் உண்மைப் பாடத்திற்காக ஊரூராய் அலைபவரின் அருமையை, அதே வேட்கை உடையவரே அறிவர். விரைந்து முடிக்குமாறு நெருக்கும் புரவலர் பலராயிருக்க, திருந்தி முடியும் வரை காத்திருக்கும் புரவலர் சிலரே.

சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்து அபிதான சிந்தாமணி என்னும் பெருந்தொகுதியை எழுதி முடித்தார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலை அச்சிட முன்வருவாரின்றி அவர் தவித்தபோது, தேவர் கைகொடுத்தார். 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக அது வெளிவந்தது.

வ.உ. சிதம்பரனார் 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது அதன் தலைவராய் இருந்தவரும் இவரே. 1911ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், நாற்பத்து நான்காம் வயதில் தேவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் நிறுவிய செந்தமிழ்க் கல்லூரி மதுரையில் இன்றும் மாணாக்கர்க்குத் தமிழ் கற்பித்து வருகின்றது.

நாம் கொள்ளத்தக்கது

குறையின்மையை நாடும் உள்ளம் இருவகைப்படும். ஒன்று, பிழை நேர்ந்துவிடுமோ என்றஞ்சி ஒன்றையும் தொடங்காதது. தொடங்கினும் பிறர் பழிப்பை எண்ணி நடுங்குவது. மற்றொன்று, பொருளின் மீதுள்ள அன்பால் அதனைத் திருந்தச் செய்ய முனைவது. முன்னது தன்னையே நோக்கி நிற்கும். பின்னது வினையை நோக்கி நிற்கும். தேவருடைய உள்ளம் பின்னது. ஆதலின் அது அவரை முடக்கவில்லை. மேலும் மேலும் இயக்கியது.

இவ்வேறுபாட்டைப் பெற்றோர் கருத்திற் கொள்ளுதல் நன்று. நூற்றுக்கு நூறு பெறாத பிள்ளையைக் கடிந்து கொள்கின்றோம். எங்கே தவறினான், ஏன் தவறினான் என அருகிருந்து காணுதலைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். மதிப்பெண்ணுக்கு அஞ்சும் பிள்ளை பிழையை மறைக்கக் கற்கும்; பாடத்தை விரும்பும் பிள்ளை பிழையைத் தானே தேடித் திருத்தும். நடத்தல், பேசுதல், உண்ணல், ஒரு பொருளை எடுத்து வைத்தல் முதலிய சிறு செயல்களிலும் விழிப்பு வேண்டும் என்று ஐவகைச் சமிதிகளை வகுத்த நெறியிற் பிறந்தவர் நாம். அவ்விழிப்பு பிற உயிர்பால் கொண்ட அருளினின்றும் பிறப்பது. பழிக்கு அஞ்சிப் பிறப்பதன்று.

இன்னும் ஒன்று. தொண்டை நாட்டு ஊர்களில் நம் முன்னோர் எழுதி வைத்த ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் சில இல்லங்களில் இன்னும் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றைப் பூச்சிக்கு இரையாக விடுதல் ஒரு பிழை. கற்றாரைக் கொண்டு ஒப்பு நோக்காமல், கண்டவாறு அச்சிட்டு வழங்குதல் மற்றொரு பிழை. இரண்டையும் தவிர்த்து, உள்ளதைக் காத்து, காத்ததைத் திருத்தமாக வெளியிட முன்வருவோமாயின், சேது நாட்டு வள்ளலின் வரலாற்றை நாம் படித்ததற்கு அதுவே பயனாகும்.